மலிவு .22 தோட்டா: மொத்தமாக வாங்கும் முன்

அமெரிக்கக் கடைகளில் 500-க்கு மேற்பட்ட தோட்டாக்களோடு வரும் பெட்டி, பிஸ்டல் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். போட்டிக்கு வேண்டாம்.

1. முதலில் 50 தோட்டா உள்ள சிறு பெட்டியை வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரு பிஸ்டலில் ஓடுவது இன்னொன்றில் சிக்கலாம்.

2. அதிவேக ரகமாக எடுங்கள். விசை குறைந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காது.

3. வெடிக்கவில்லையா? குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி பொறுங்கள். விளிம்பில் மருந்து சீராகப் பரவாத தோட்டா தாமதமாகவும் வெடிக்கலாம்.

4. சத்தம் மந்தமாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். எல்லாத் தோட்டாவையும் அகற்றிவிட்டுக் குழலைச் சோதியுங்கள். குண்டு உள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளந்துவிடலாம். இதில் மட்டும் அவசரமே கூடாது.

5. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். விரலில் ஈயம் ஒட்டியிருக்கும்.