பெருநகரைக் கண்டு மலைக்கலாமா?

உலகின் மிகப் பெரிய நகரம் எது என்னும் வினாவுக்கு ஒரே விடை கூறுதல் எளிதன்று. ஐக்கிய நாட்டு நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில் தோக்கியோ முதலிடம் பெற்றது. அங்கு ஏறக்குறைய 3 கோடியே 70 இலட்சம் மக்கள் வாழ்வதாக மதிப்பிடப்பட்டது. நம் மலேசிய நாட்டின் மொத்த மக்கள் தொகையைவிட அது மிகுதியாகும். 2025இல் அந்நிறுவனம் நகர எல்லைகளை வேறு முறையில் அளந்தபோது, ஏறக்குறைய 4 கோடியே 20 இலட்சம் மக்களுடன் ஜாகர்த்தா முதலிடத்திற்கு வந்தது. எல்லையை எங்கே வகுக்கிறோமோ அதற்கேற்பவே எண்ணிக்கையும் அமைகிறது.

ஆயினும், புதிதாக நகருக்குள் காலடி வைப்பவரை மலைக்கச் செய்வது மக்கள் தொகை மட்டுமன்று; வழி தெரியாமையே பெரிதும் காரணமாகும். இதற்கு மூன்று நகரங்களைச் சான்றாகக் காண்போம்.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவு ஏறத்தாழ 59 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதில் 16 இலட்சம் பேர் நெருங்கி வாழ்கின்றனர். வானளாவிய கட்டடங்கள் கண்ணை மருட்டும். எனினும், 1811ஆம் ஆண்டுத் திட்டப்படி அங்குள்ள தெருக்களில் பெரும்பாலானவை நேராக வகுக்கப்பட்டு எண்ணிடப்பட்டுள்ளன. 34ஆம் தெருவில் நிற்பவர் 42ஆம் தெருவை அடைய, எட்டுத் தெருக்களை எண்ணிக்கொண்டு நடந்தால் போதும். புதிதாக மரம் சீவ வருபவருக்கு எல்லா மரமும் ஒன்றுபோலவே தோன்றும். நிரை அறிந்தவரோ இருளிலும் தம் மரத்தைக் கண்டுகொள்வார். இதுவும் அவ்வாறே.

தோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. வட்டாரம், மனைத் தொகுதி, கட்டட எண் ஆகியவற்றைக் கொண்டே முகவரி அமைகிறது. அங்குள்ள சின்ஜுக்கு இரயில் நிலையத்திற்கு 200க்கும் மேற்பட்ட வாயில்கள் உள்ளன. ஆகவே, அந்நகரத்தாரே வழி கேட்கத் தயங்குவதில்லை. 'கோபான்' எனப்படும் சிறு காவல் நிலையங்களில் வழி கூறுவதும் காவலரின் அன்றாடப் பணியாகும்.

இலண்டனின் பழந்தெருக்கள் வளைந்து நெளிந்து செல்பவை. 1933இல் ஹேரி பெக் வரைந்த சுரங்க இரயில் வரைபடம் வெளிவந்தது. தொலைவை அளவுப்படி காட்டாமல், நிலையங்களின் வரிசையையும் மாறும் இடங்களையும் மட்டும் நேர்கோடுகளால் அது தெளிவாக்கியது. பயணிக்கு வேண்டியதும் அதுவே.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் கல்விக்கும் வேலைக்கும் கோலாலம்பூர் செல்ல நேரிடுகிறது. நகரை எண்ணி அஞ்சி, கிடைத்த இடத்தை வேண்டாமென மறுக்கும் பெற்றோரும் உள்ளனர். ஒருமுறை கைவிட்ட இடம் மீண்டும் கிடைப்பது அரிது. எனவே, அச்சத்திற்கு இடந்தராமல் ஆயத்தம் செய்வோம். செல்லுமிடத்தின் முழு முகவரியையும் அருகிலுள்ள இரயில் நிலையத்தின் பெயரையும் தாளில் எழுதிக் கொடுப்போம். இரயில் வரைபடத்தைப் பார்த்து, எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்பதை வீட்டிலேயே சொல்லிப் பழக்குவோம். ஐயம் எழுந்தால் வழியில் நிற்போரிடமன்றி, நிலைய முகப்பிலுள்ள அலுவலரிடம் கேட்கச் சொல்வோம். இயன்றால், பணியில் சேரும் நாளுக்கு முன்பே ஒருமுறை உடன் சென்று வருவோம்.