வில்லடிக்க வந்த பிள்ளைக்கு

திற்பரப்பிலிருந்து வில்லுப்பாட்டுக்குப் புறப்பட்டிருக்கும் அன்பு மகளுக்கு,

பாட்டெல்லாம் ஆசானிடம் கேட்டுக் கேட்டே மனப்பாடமாகிவிட்டது, பட்டமும் வாங்கியாகிவிட்டது, இனி எதைப் படிக்க என்று கேட்டிருக்கிறாய். 2011 கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே முதலிடம். இந்த ஊர்ப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தர வேண்டுமா என்று பலருக்கும் தோன்றும். வேண்டும் மக்களே. எழுத்துக் கூட்டத் தெரிந்தால் எல்லாவற்றையும் வாசித்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் கலைஞர்களை நிறையவே ஏமாற்றியிருக்கிறது.

உன் ஊரையே பார். அருவிக்கரையில் எச்சரிக்கைப் பலகையை வரி விடாமல் வாசித்துவிட்டு, அப்படியே தண்ணீரில் இறங்குகிற வெளியூர்க்காரர் உண்டு. பலகைப் பக்கம் திரும்பாமலே, கோதையாற்றுத் தண்ணீரின் நிறம் மாறுவதைக் கண்டு, மேலே பேச்சிப்பாறையில் மதகு திறந்திருப்பார்கள் என்று பிள்ளைகளைக் கரையேற்றுகிற அம்மையும் உண்டு. உன் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். கத்தி எவ்வளவு ஆழம் போனால் மரம் காயப்படும் என்று பட்டையைத் தொட்டே சொல்வார். ஆனால் பாலில் கட்டி ரப்பர் எத்தனை விழுக்காடு என்று கடைக்காரர் எழுதும் எண்ணை வைத்துத்தானே அவருக்குப் பணம் வருகிறது? அந்த எண் எப்படி வந்தது என்று தெரியாவிட்டால், மரத்தைப் பற்றிய அத்தனை அறிவும் கடை வாசலோடு நின்றுவிடும்.

வில்லுக்கும் இதே கதைதான். காதால் கற்றதை ஒருபோதும் குறைவாக நினைக்காதே. பள்ளிக்கூடம் மிதிக்காத அண்ணாவிகள் கோயில் கொடையில் விடிய விடியப் பாடியிருக்கிறார்கள். சாமி வருகிற நேரத்துக்குச் சரியாகக் கதையை நீட்டவும் சுருக்கவும் அவர்களுக்குத் தெரியும். எதிரே இருப்பவர் முகம் பார்த்து வீசுகோலின் அடியை மாற்றுவார்கள். அச்சிட்ட புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வில்லின் முன் உட்காருகிறவருக்கு அது வராது. அந்தப் படிப்பை நீ பெற்றிருக்கிறாய். அதை விடாதே.

அதோடு ஏட்டையும் வாசிக்கக் கற்றுக்கொள். ஆசான் சொல்லித்தந்த பாட்டு ஓலையில் எப்படிக் கிடக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்தால்தான் அதன் அருமை புரியும். ஓலையில் புள்ளி இராது, சொற்களுக்கு இடைவெளியும் இராது. மன்னன் என்ற சொல் ‘மனனன’ என்று கிடக்கும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என்ற பேதம் கிடையாது. ரகரத்துக்கும் காலுக்கும் ஒரே கோடு. ஆகவே ‘சேர’, ‘செர’, ‘சோ’, ‘சொ’ நான்கும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். எது சரி என்று எழுத்து சொல்லாது. கதை தெரிந்தவருக்குத்தான் சொல்லும். இங்கேதான் உனக்கு ஒரு வசதி இருக்கிறது. சுவடியியல் படித்தவர் தடுமாறுகிற இடத்தில், காதில் பாட்டு ஏறிய உனக்குச் சொல் தானாக விழும். நீ தடுமாறுகிற இடத்தில் அவர் கைகொடுப்பார். திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் போய் அங்கே ஏடு வாசிக்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்.

அங்கே போனால் மலையாள எழுத்தும் வேண்டியிருக்கும். 1956 நவம்பர் 1 வரை நம் தாலுகாக்கள் திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும் இருந்தவை. வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய நில ஆதாரத்தை எடுத்துப் பார், பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். இரவிக்குட்டிப்பிள்ளை போரை நாம் வில்லில் பாடுகிறோம். மலையாளிகள் அதைத் தெக்கன் பாட்டுகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். இரண்டு கரையிலும் கேட்காமல் அந்தக் கதையை முழுசாகப் பாடிவிட முடியாது. கொல்லம் ஆண்டுக் கணக்கும் பழகிக்கொள். இரவிக்குட்டிப்பிள்ளை பொருத கணியாகுளம் போர் நடந்தது கொல்லம் 810 என்பார்கள். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி முதல் டிசம்பர் முடியவுள்ள நாளென்றால் 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடியவுள்ள நாளென்றால் 825-ஐயும் கூட்டவேண்டும். இந்த ஒரு வருடப் பிசகால் கட்டுரைகளிலும் மேடைகளிலும் தவறான ஆண்டுகள் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன.

பலவகைப் படிப்பு வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. முஞ்சிறைப் பக்கம் பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டில் ஒரு கல்விச்சாலை அமைத்தான். படிக்க 95 பேருக்கு இடம். இலக்கணம், மீமாம்சை, புரோகிதம் இவற்றோடு, மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்று செப்பேடு சொல்கிறது. ஆள்கிறவரின் வழக்கம் தெரியாமல் நூலறிவு மட்டும் போதாது என்பதை அன்றைக்கே கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த 95 இடமும் வேதப் பிரிவுகளான சாகைகளைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். உன் பாட்டன் பூட்டன் அதன் வாசலில் நின்றிருக்கவும் முடியாது. எழுத்து நம் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்த வழி நெடியது. அதனால்தான் அரைகுறையாக வைத்துக்கொள்ளாதே என்று உன்னிடம் அழுத்திச் சொல்கிறேன்.

இனி வில்லுக்கு வெளியே உள்ள தாள்கள். கொடையைப் படம்பிடிக்க வருகிறவர் ஒரு தாளை நீட்டி, சும்மா ஒரு கையெழுத்து என்பார். சும்மா இல்லை. பாட்டு நாட்டாருடையது, அதற்குத் தனி ஆசிரியர் இல்லை. உன் நிகழ்ச்சி உன்னுடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு நிகழ்த்துநருக்கு உரிமை தருகிறது, அது 50 ஆண்டு நீடிக்கும். அந்தத் தாளில் ‘எல்லா உரிமையும்’, ‘எக்காலத்துக்கும்’ என்ற சொற்கள் இருந்தால் பேனாவைக் கீழே வை. எந்தத் தளத்தில் போடுவார்கள், எத்தனை காலத்துக்கு, வருமானத்தில் குழுவுக்கு என்ன என்று கேட்டு, பதிலைத் தாளிலேயே எழுதச் சொல். கேட்டால் கொடை கைவிட்டுப் போகுமோ என்று பயம் வரும். கேட்கத் தெரிந்த கலைஞரை மதிக்காத இடத்தில் பாடாமல் இருப்பதே நல்லது.

போனைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை, குழுவில் மூத்தவர்களுக்குச் சொல். முன்பணம் அனுப்புகிறோம், பின் நம்பரைப் போடுங்கள் என்றால் அது திருட்டு. பணம் வருவதற்குப் பின் நம்பர் வேண்டாம், போவதற்குத்தான் வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கவேண்டும். நன்றாகப் படித்த பெரியவர்களே இதில் விழுகிறார்கள், ஆகவே யாரையும் இளக்காரமாகப் பேசாதே.

கடைசியாக ஒரு வேலை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உன் பெயரைப் பதிவு செய். அதற்கு முன்னால், உன் வலது பக்கம் குடம் அடிக்கிறாரே அந்த மாமா, உடுக்கைக்காரர், தாளம் போடுகிற அக்கா, இவர்கள் பதிந்திருக்கிறார்களா என்று கேள். பலரும் விண்ணப்பத்தைக் கண்டு மிரண்டு விட்டிருப்பார்கள். வருகிற பங்குனியில் கொடைகள் தொடங்கிவிட்டால் யாருக்கும் நேரமிராது. இந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டி, நீயே நிரப்பிக் கொடு மக்களே.

அன்புடன்,
உன் பெரியப்பா