வளவு வேலியும் பன்னிறக் குரோட்டனும்



வேலி எல்லையைக் காட்டுகின்றது. ஆட்டையும் மாட்டையும் தடுக்கின்றது. கச்சான் காற்றின் வேகத்தைத் தணிக்கின்றது. தோட்டத்துக்கு வேண்டிய குழையையும் தருகின்றது. நம் முன்னோர் கிளுவையையும் பூவரசையும் முள்முருக்கையும் கதியாலாக நாட்டியது இவ்வளவு பயனையும் கருதியே.

இக்காலத்தில் வீட்டின் முன்புறத்தை அழகுபடுத்தும் ஆவல் கிராமங்களிலும் பெருகியுள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும், சிலர் தோட்டத்தைச் சுற்றியுள்ள கதியால் வேலியை முற்றாகப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவ்விடத்தில் நிறஇலைச் செடிகளை நாட்ட முற்படுகின்றனர். இவ்வாறு செய்வதால் வரும் நட்டத்தையும், அழகும் பயனும் ஒருங்கே கிடைக்கும் வழியையும் இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது. பசுமை மாறாத நிறஇலைச் செடிகளுள் நமது நாட்டுக்கு மிகவும் ஏற்றதாகிய குரோட்டனை இங்கு எடுத்துக்கொள்வோம்.

குரோட்டன் என்பது யாது?

இச்செடியின் தாயகம் இந்தோனேசியா, மலேசியா, அவுஸ்திரேலியாவின் வடபகுதி, பசுபிக் சமுத்திரத்தின் மேற்குத் தீவுகள் ஆகியன. ஆமணக்கும் மரவள்ளியும் சேர்ந்த குடும்பமே இதன் குடும்பமுமாகும். தாவரநூலார் இதனைக் ‘கோடியேயம்’ என்னும் இனத்தில் வைத்துள்ளனர். கடும் பேதியை உண்டாக்கும் நேர்வாளம் உண்மையான ‘குரோட்டன்’ இனத்தைச் சேர்ந்தது. பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு இரண்டும் ஒன்றென மயங்குதல் கூடாது.

நீண்டு ஒடுங்கிய இலை, அகன்ற இலை, முறுக்கிய இலை, மூன்றாகப் பிளந்த இலை என இதில் பல பேதங்கள் உள. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கரும்பச்சை ஆகிய நிறங்கள் புள்ளியாகவும் நரம்பாகவும் விளிம்பாகவும் அமைந்திருக்கும். விதையிலிருந்து வரும் கன்று தாய்ச்செடியின் நிறத்தையும் வடிவத்தையும் கொண்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகையால், விரும்பிய பேதத்தைப் பெருக்குவதற்குப் பதியமோ தண்டுத்துண்டமோ பயன்படுத்தல் வேண்டும்.

நிறமும் வெயிலும்

இலையின் பச்சைநிறப் பொருளே வெயிலைக் கொண்டு செடிக்கு உணவு ஆக்குகின்றது. மஞ்சளும் வெள்ளையுமான பகுதிகளில் அப்பொருள் குறைவு. எனவே, நிறம் மிகுந்த செடி பச்சைச் செடியைக் காட்டிலும் மெதுவாகவே வளரும். இதனைக் கண்டு, பசளை போதவில்லையென எண்ணி அளவுக்கு மிஞ்சி இடாதீர்கள்.

குரோட்டனுக்கு வெயில் கிடைக்குமளவுக்கு நிறம் எடுப்பாகும். மாமரத்தின் அடர்ந்த நிழலில் நாட்டிய குரோட்டன் சில மாதங்களில் பச்சையாக மங்கிவிடும். நாளொன்றுக்கு 4 மணி நேரமாவது நேர்வெயில் படும் இடமே தகுந்தது.

வெள்ளை விளிம்புள்ள அரேலியா போன்ற செடிகளிற் சிலவேளைகளில் முழுப் பச்சையான கிளைகள் தோன்றும். அவை விரைந்து வளர்ந்து நிறக்கிளைகளை அமுக்கிவிடும். கண்டவுடன் அவற்றை அடியோடு வெட்டிவிடுக. இல்லையேல், சில வருடங்களில் வேலி முழுவதும் பச்சையாகிவிடும்.

எவ்விடத்தில் எச்செடி?

இதுவே கமக்காரர் முதலில் தீர்மானிக்க வேண்டிய விடயம். குரோட்டன் வேலி கண்ணுக்கு இனியது. ஆனால், அது கால்நடையைத் தடுக்கும் வலிமையுடையதன்று. அதன் தண்டு மென்மையானது, முள்ளும் இல்லை. ஒரு கட்டாக்காலி மாடு ஓர் இரவில் உட்புகுந்தால் மிளகாயும் கத்தரியும் என்னவாகும் என்பதை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

மேலும், குழைவேலி ஒரு பசளைக் களஞ்சியமாகும். சீமைக்கிளுவை எனப்படும் கிளிரிசிடியாவின் உலர்ந்த இலையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்குவரை நைதரசன் உண்டு. 2005ஆம் ஆண்டில் இச்செடி தேயிலை, றப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக நமது நாட்டில் ஏற்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அந்த மாதங்களிற் பசளைக்கு அலைந்த கமக்காரர், வேலியில் நின்ற குழையின் பெறுமதியை நன்கு அறிவர். அத்தகைய வேலியை அழகின்பொருட்டு அழித்துவிட்டால், மீண்டும் ஒரு தட்டுப்பாடு நேரும்போது கைகொடுக்க அது இராது.

ஆகையால், பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுக:

1. தோட்டத்தையும் வளவின் பின்புறத்தையும் சுற்றிக் கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு ஆகிய கதியால் வேலியே நிற்கட்டும்.

2. வீட்டின் முன்புறம், படலையிலிருந்து வாசல்வரை செல்லும் வழியின் இருமருங்கு, முற்றத்தின் ஓரம் ஆகிய இடங்களிற் குரோட்டனை நாட்டுக.

3. வீதியோரத்திலும் குரோட்டன் வேண்டுமாயின், வெளிப்புறத்தில் முட்கம்பியோ கதியாலோ இருக்க, அதிலிருந்து 3 அடி உள்ளே குரோட்டன் வரிசையை அமைக்குக.

4. மரக்கறிப் பாத்திக்கும் எந்த உயிர்வேலிக்கும் இடையில் 6 அடியாவது இடைவெளி விடுக. வேர்ப் போட்டியும் நிழலும் இதனாற் குறையும்.

5. நெல்வயல் வரம்பில் இச்செடியை நாட்டாதீர்கள். நீர் தேங்கும் நிலத்தில் இதன் வேர் அழுகிவிடும்.

கன்று உண்டாக்கல்

பதியம் வைத்தல்: பென்சில் அளவு தடித்த, நோயற்ற கிளையைத் தெரிந்தெடுக்குக. நுனியிலிருந்து 12 முதல் 18 அங்குலத்துக்குள், 1 அங்குல அகலத்துக்கு மோதிரம்போற் பட்டையை நீக்குக. பட்டையின்கீழ் உள்ள வழுவழுப்பான படையையும் கத்தியாற் சுரண்டிவிடுக. அது எஞ்சினால் பட்டை மீண்டும் பொருந்திவிடும், வேர் வராது. நனைத்துப் பிழிந்த தும்புத்தூளை ஒரு பிடி வைத்துப் பொலித்தீன் தாளினாற் சுற்றி இரு முனைகளையும் இறுகக் கட்டுக. 6 முதல் 8 வாரங்களில் தாளினூடாக வேர் தென்படும். அப்பொழுது கட்டுக்குக் கீழே வெட்டி, தாளை நீக்கி, பையில் நாட்டி 4 வாரம் நிழலில் வைக்குக.

தண்டுத்துண்டம்: 4 முதல் 6 அங்குல நீளமுள்ள நுனித்துண்டங்களை வெட்டி, வடியும் பாலை நீரிற் கழுவுக. அடியிலைகளை நீக்கி, மணலும் தும்புத்தூளும் சம அளவு கலந்த ஊடகத்தில் நாட்டுக. நிழலில் வைத்து, ஈரம் போகாதபடி பொலித்தீன் தாளால் மூடிவைத்தால் 4 முதல் 6 வாரங்களில் வேர்விடும்.

ஆடி மாதக் கடைசியிற் பதியம் வைப்பவர்களுக்கு ஐப்பசி மழைக்குக் கன்று ஆயத்தமாகும். அக்காலம் வரட்சியானதாகையால், தாய்ச்செடிக்குத் தவறாது நீர் இறைத்தல் வேண்டும். நல்ல தாய்ச்செடி அயலவரிடம் இருப்பின், கன்றுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

நாட்டுதல்

உலர்வலயத்திற் பெரும்போக மழை தொடங்கியதும் நாட்டுக. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 1 அடி கொண்ட குழி போதும். மேல்மண்ணுடன் நன்கு உக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ சம அளவு கலந்து குழியை நிரப்புக. வேலியாக நாட்டும்போது செடிக்குச் செடி 1½ முதல் 2 அடி இடைவெளி விடுக. தனிச்செடியாயின் 4 அடி வேண்டும்.

சுண்ணாம்புக்கல் கலந்த மண்ணிற் குருத்திலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, ஏனைய பகுதி வெளிறி மஞ்சளாவதைக் காணலாம். மண்ணின் சுண்ணாம்பு இரும்புச்சத்தைச் செடிக்கு எட்டவிடாமற் கட்டிவைப்பதே இதன் காரணம். இது அச்செடியின் இயல்பான நிறமன்று, குறைபாடாகும். இத்தகைய நிலத்திற் குழியைச் சற்றுப் பெரிதாக வெட்டிக் கூட்டெருவை அதிகமாக இடுவதும், ஆண்டுதோறும் இலைதழையால் மூடுபடை போடுவதும் பயன்தரும்.

முதல் ஆண்டின் வரட்சிக் காலத்திற் கிழமைக்கு இருமுறை ஆழமாக நீர் ஊற்றுக. நீர் போதாவிடிற் செடி அடியிலைகளை உதிர்த்துவிடும். மூடுபடை இட்டால் இறைப்புச் செலவு குறையும்.

கத்தரித்தல்

செடி 1½ அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளுக. பக்கக்கிளைகள் பெருகி அடிப்பகுதி அடர்த்தியாகும். வேலியின் அடி அகன்றும் மேற்பகுதி ஒடுங்கியும் இருக்குமாறு வெட்டுதல் வேண்டும். மேற்பகுதி அகன்றால், அடிக்கு வெயில் எட்டாது, அடி வெறுமையாகும்.

பெரிய வேலிக்கத்தரியால் ஒரே வீச்சில் வெட்டினால், அகன்ற இலைகள் பாதியில் அறுந்து, விளிம்பு கருகி அழகு கெடும். கைக்கத்தரியாற் கணுவுக்குச் சற்று மேலே கிளைகிளையாக வெட்டுவதே முறை. மழை தொடங்கும் காலமே இதற்கு ஏற்றது. கடும் வரட்சியில் வெட்டாதீர்கள்.

வீதி திரும்பும் மூலையிலும் படலையின் இரு பக்கத்திலும் வேலி 3 அடிக்கு மேல் உயர இடங்கொடாதீர்கள். உழவு இயந்திரத்தில் வெளிவருபவருக்கு வீதியிற் செல்லும் பிள்ளைகள் தெரிதல் வேண்டும்.

அழகுற அமைத்தல்

பத்துப் பேதங்களைப் பத்து இடங்களில் ஒவ்வொன்றாக நாட்டுவதிலும், ஒரு பேதத்தில் மூன்று அல்லது ஐந்து செடிகளைச் சேர்த்து நாட்டுவது சிறந்தது. உயர்ந்தவை பின்னும், குட்டையானவை முன்னும் நிற்கட்டும். பின்னாற் பச்சைவேலி இருப்பின் மஞ்சளும் சிவப்பும் எடுத்துக் காட்டும். வெள்ளைச் சுவருக்கு முன் கருஞ்சிவப்புப் பேதங்கள் பொருந்தும். முற்றத்தின் நடுவிடம் நெல் உலர்த்தவும் பொருள் இறக்கவும் வேண்டியதாகையால், அதனை வெறுமையாகவே விடுக.

கோயிற் சோடனைக்கும் மங்கல வைபவங்களுக்கும் குரோட்டன் இலை வேண்டப்படுகின்றது. வெட்டிலைகள் நமது நாட்டிலிருந்து வெளிநாடுகளுக்கும் அனுப்பப்படுகின்றன. முன்வேலி நன்கு வளர்ந்தபின், கத்தரிக்கும் கிளைகளையும் மேலதிகக் கன்றுகளையும் விற்று வீட்டுப் பெண்கள் சிறு வருவாய் பெறலாம்.

பீடைகள்

மாவுப்பூச்சி, செதிற்பூச்சி, சிற்றுண்ணி ஆகியன குரோட்டனைத் தாக்கும். மரக்கறி செய்வோர் இதிற் கூடிய கவனம் செலுத்த வேண்டும். அழகுச் செடியில் ஒளிந்திருக்கும் மாவுப்பூச்சி பயிருக்கும் பரவக்கூடும். 2008ஆம் ஆண்டில் நமது நாட்டிற் காணப்பட்ட பப்பாசி மாவுப்பூச்சி, பப்பாசியோடு செம்பரத்தை முதலிய வளவுச் செடிகளிலும் பெருகியது. அதனை அடக்குவதற்கு, அதன் உடலினுள் முட்டையிடும் சிறு குளவியினம் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு 2009ஆம் ஆண்டில் விடப்பட்டது.

கிழமைக்கு ஒருமுறை இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். எறும்புகள் செடியில் ஏறி இறங்கினால், தேன்போன்ற கழிவைச் சுரக்கும் பூச்சி அங்கே இருக்கக்கூடும் என அறிக. தாக்குண்ட சிறுகிளைகளை வெட்டி எரித்துவிடுக. எஞ்சியவற்றை வேகமாக நீர் பாய்ச்சிக் கழுவுக. மென்மையான சவர்க்காரக் கரைசலையும் தெளிக்கலாம். முதலில் இரண்டொரு இலையிற் பரீட்சித்துப் பார்த்தல் நன்று. வெளியிலிருந்து வாங்கிய கன்றை இரு கிழமை தனியே வைத்துப் பார்த்த பின்னரே நாட்டுக.

எச்சரிக்கைகள்

குரோட்டனின் பால் சிலருடைய தோலில் எரிவையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். உடையிற் கறையும் படியும். வெட்டும்போது கையுறை அணிந்து, பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. செடியின் எப்பகுதியும் உண்ணத்தக்கதன்று. குழந்தைகள் இலையையோ காயையோ மெல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய கிளைகளை ஆட்டுக்கும் மாட்டுக்கும் குழையாகப் போடாதீர்கள்.

சாடியின்கீழ் வைக்கும் தட்டங்களில் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். கிழமைக்கு ஒருமுறையாவது அவற்றைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுக. வேலியின் அடியில் ½ அடி உயரத்துக்குச் சருகும் புல்லும் இல்லாமல் துப்புரவாக வைத்திருந்தால், பாம்பு மறைந்திருப்பதையும் எளிதிற் காணலாம்.

நினைவிற் கொள்க

பின்வேலி குழைக்கு, முன்வேலி அழகுக்கு. நிறத்துக்கு வெயில், வேருக்கு வடிகால். ஆடியிற் பதியம், ஐப்பசியில் நடுகை. கிழமைதோறும் இலையின் அடியைப் பார்வையிடல்.

இவ்வொழுங்கின்படி செய்வீர்களாயின், உங்கள் வாசல் பொலிவு பெறும். உங்கள் தோட்டத்தின் காவலும் பசளையும் குறையாது. மேலும் அறிய விரும்புவோர் தமது பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்து ஆலோசனை பெறுவார்களாக.