உப்பு நீரில் ஹைட்ரோஜெல் ஏன் உப்புவதில்லை?

மானாவாரி நிலங்களிலும் நீர்ப் பற்றாக்குறையுள்ள தோட்டக்கால்களிலும் ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கென்று ஹைட்ரோஜெல் என்னும் குருணை விற்பனைக்கு வருகிறது. தன் எடையைப்போல் 350 மடங்கு நீரை உறிஞ்சும் என்று சொல்லி விற்கிறார்கள். தூய நீரில் இது உண்மையே. ஆனால் கிணற்று நீர் தூய நீர் அன்று. உங்கள் கிணறு உவர்க் கிணறாக இருந்தால், இக்குருணைக்குப் பணம் கொடுக்கும் முன் அது நீரை எவ்வாறு பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1970களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா நகர ஆய்வுக்கூடத்தில் மக்காச்சோள மாவுப்பொருளைக் கொண்டு இத்தகைய பொருளை உருவாக்கினார்கள். புது டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் செல்லுலோசை அடிப்படையாகக் கொண்டு பூசா ஹைட்ரோஜெல்லை உருவாக்கியது. குழந்தைகளுக்குக் கட்டும் டயாப்பரின் உள்ளே இருப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த தூள்தான்.

குருணைக்குள் இருப்பவை பாலிமர் எனப்படும் மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். மணிகள் கோத்த நூல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நூல்கள் அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டு வலைபோல் இருக்கின்றன. நீர் பட்டதும், மணிகளோடு ஒட்டியிருந்த சோடியம் அல்லது பொட்டாசியம் பிரிந்து நீரில் மிதக்கிறது. மணிகளில் எதிர்மின் ஏற்றம் மிஞ்சுகிறது. ஒரே வகை ஏற்றம் உள்ளவை ஒன்றையொன்று விலக்குமாதலால் சுருண்டு கிடந்த நூல் விறைத்து நீள்கிறது. வலை விரிகிறது. பிரிந்த சோடியமோ வலையை விட்டு வெளியே ஓடிவிட முடியாது. மணிகளின் ஈர்ப்பு அதைக் கட்டி வைத்திருக்கிறது. எனவே குருணையின் உள்ளே உப்புச் செறிவு மிகுதி, வெளியே குறைவு. உப்பு மிகுந்த பக்கத்துக்கே நீர் செல்லும். நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசிறி வைத்தால் காயிலுள்ள நீர் வெளியே வருவதும் இதனால்தான். இங்கே உப்பு குருணைக்குள் இருப்பதால் நீர் உள்ளே போகிறது. முடிச்சுகள் இழுத்துப் பிடிக்கும்வரை குருணை உப்பிக்கொண்டே போகும்.

இப்போது இதே குருணையை உவர்நீரில் போடுங்கள். வெளியிலும் உப்பு இருப்பதால் நீர் உள்ளே போவதற்கான உந்துதல் குறைகிறது. அத்துடன் கரைந்த உப்பின் அயனிகள் மணிகளைச் சூழ்ந்து நின்று, ஒரு மணியின் விலக்கம் அடுத்த மணிக்கு எட்டாதபடி மறைக்கின்றன. விறைத்திருந்த நூல் தளர்ந்து சுருள்கிறது. லிட்டருக்கு 9 கிராம் சமையல் உப்பு கரைத்த நீரில் இவ்வகைக் குருணைகள் ஏறத்தாழ 30 முதல் 60 மடங்கு நீரையே பிடிக்கும். கிணற்று நீரில் இவ்வளவு உப்பு பெரும்பாலும் இராது. மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 1 டெசிசைமன் என்று ஆய்வறிக்கையில் இருந்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு என்று பொருள். 4 என்றால் 2.5 கிராம். அதற்கே குருணையின் கொள்ளளவு பெரிதும் இறங்கிவிடும்.

சோடியத்தைவிடக் கால்சியமும் மக்னீசியமும்தான் கூடுதல் கெடுதல் செய்பவை. இவற்றுக்கு இரட்டை ஏற்றம் உண்டு. ஒரு கால்சியம் அயனி இரண்டு நூல்களிலுள்ள மணிகளை ஒரே சமயத்தில் பற்றி, புதிதாக ஒரு முடிச்சைப் போட்டுவிடுகிறது. சோடிய உப்பினால் சுருங்கிய குருணை நல்ல மழை பெய்து உப்பு கழுவப்பட்டால் பெரும்பாலும் மீண்டும் உப்பும். கால்சியம் பிடித்த குருணை அவ்வளவு எளிதில் மீளாது. எனவே சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும், ஜிப்சம் இட்டு மண் அணைக்கும் நிலக்கடலையிலும் இதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஜிப்சம் லிட்டருக்கு 2 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகவே கரையும். ஆனால் குருணையைச் சுருக்க அது போதும்.

உரங்களிலும் இதைக் கவனியுங்கள். மியூரேட் ஆப் பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் ஆகியவை கரைந்ததும் அயனிகளாகப் பிரிபவை. குருணையுடன் சேர்த்து ஒரே சாலில் இடாதீர்கள். யூரியா கரையும்போது அயனிகளாகப் பிரிவதில்லை. ஆகவே உடனடிச் சுருக்கம் இராது. (ஹியூமிக் அமிலமும் ஏற்றமுள்ள பெரிய மூலக்கூறுகளால் ஆனதே. கால்சியம் நைட்ரேட்டுடன் ஒரே தொட்டியில் கலந்தால் பால்போல் திரிந்து சொட்டுநீர்க் குழாயை அடைப்பதற்கும் இதுவே காரணம்.)

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 2 கிலோ இடுகிறீர்கள். 350 மடங்கு என்றாலும் ஒரு முறைக்கு 700 லிட்டர்தான். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்சினால் அதுவே 40,000 லிட்டர் ஆகும். ஆகவே குருணையை வயல் முழுவதும் தூவுவதில் பயனில்லை. விதைக்கும் சாலில், வேர் எட்டும் இடத்தில் இட்டால்தான் முளைக்கும் பயிருக்கு அந்த ஈரம் உதவும். உவர்நீரில் 50 மடங்காகக் குறைந்துவிட்டால் கிடைப்பது 100 லிட்டர், அதாவது ஏழெட்டுக் குடம். இதற்காகச் செலவிடலாமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கடைக்காரரிடம் சிறிது மாதிரி கேட்டு வாங்குங்கள். நகைக்கடைத் தராசில் ஒவ்வொரு கிராமாக மூன்று பங்கு நிறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஒரு லிட்டர் மழைநீரிலும், ஒன்றை ஒரு லிட்டர் கிணற்று நீரிலும், மற்றொன்றை ஒரு தேக்கரண்டி ஜிப்சம் கலக்கித் தெளியவைத்த ஒரு லிட்டர் மழைநீரிலும் போட்டு இரவு முழுவதும் வையுங்கள். காலையில் மெல்லிய துணியில் கால்மணி நேரம் வடியவிட்டு எடை பாருங்கள். எத்தனை கிராம் நிற்கிறதோ அத்தனை மடங்கு. மழைநீரில் உப்பிய கூழில் ஒரு கரண்டி எடுத்துக் கிணற்று நீரில் போட்டால், அது நீரை விட்டுச் சுருங்குவதைக் கண்ணாலேயே காணலாம். வயல் மண்ணிலும் உப்பு கரைந்திருக்கும், மண்ணின் பாரமும் அழுத்தும். ஆதலால் நிலத்தில் இந்த எடையும் கிடைக்காது.

கிணற்று நீரில் 100 மடங்குக்குக் கீழே நின்றால், அப்பணத்தைத் தொழு உரத்துக்கும் மூடாக்குக்கும் செலவிடுவது மேல் என்பது என் கருத்து. மக்கிய தென்னை நார்க் கழிவையும் இடலாம். அது பஞ்சுபோலத் தன் துளைகளில் நீரைப் பிடிப்பது. உவர்நீரிலும் அது ஹைட்ரோஜெல்போல் சுருங்கிவிடாது. கடலோரத்து நார்க் கழிவாக இருந்தால் அதிலேயே உப்பு இருக்கக்கூடும். நல்ல நீரில் அலசிப் பயன்படுத்துங்கள்.

கிணற்று நீர் மாதிரி எடுக்கும்போது, மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்ட பிறகு, அதே நீரால் கழுவிய பாட்டிலில் பிடித்து மண் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். மின்கடத்தும் திறனோடு கால்சியம், மக்னீசியம் அளவையும் கேட்டு வாங்குங்கள். கோடையில் உப்பு கூடுமாதலால் அப்போது எடுத்த மாதிரியே இதற்கு ஏற்றது.