சரக்கு விமானத்திலா, கப்பலிலா, லாரியிலா?

திருப்பூர் பனியன் பெட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள். விமானத்தில் எடை மட்டும் கணக்கில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுங்கள். 60, 40, 40 பெட்டிக்கு 16 கிலோ வரும். தராசில் 10 கிலோதான் காட்டினாலும் பில் 16 கிலோவுக்குத்தான். கூரியரில் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள், தொகை இன்னும் ஏறும். அதனால் காலி இடம் விடாமல் இறுக்கி அடுக்குங்கள். சாம்பிளுக்கும் கெடு நெருங்கிய ஆர்டருக்கும் மட்டும் விமானம் போதும்.

மற்றதெல்லாம் தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போகட்டும். கன்டெய்னர் நிரம்பாவிட்டால் பிறர் சரக்கோடு சேர்த்து ஏற்றலாம். கன மீட்டரா, டன்னா, எது அதிகமோ அதற்கு வாடகை. ஆனால் இறங்கும் துறைமுகத்தில் என்னென்ன கட்டணம், யார் தலையில் என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். சண்டை வருவது அங்கேதான். கொழும்பில் கப்பல் மாறும் சரக்கென்றால் சில நாள் கூடுதலாக வையுங்கள். கன்டெய்னருக்குள் வியர்க்கும், துணி பூஞ்சை பிடிக்காமலிருக்க பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்கள்.

நேபாளம், பூட்டான் என்றால் லாரிதான். நேபாளச் சரக்கு ரக்சால் எல்லை வழியாகப் போகலாம்.