கேபிளை வெட்டினால் எவ்வளவு மிஞ்சும்?

ஏப்ரல் 15 பிறந்தால் சென்னை காசிமேட்டில் விசைப்படகுகளைக் கட்டிவிடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிறவர் வீட்டில் மட்டுமல்ல, ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், வலை பின்னுபவர், மீன் விற்கிற அம்மா என்று ராயபுரம் முழுக்க வரவு சுருங்கும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஷிப்ட் குறைந்தாலும் நிலைமை இதுதான். செலவைக் குறைக்க உட்கார்ந்தால் வாடகையில் கைவைக்க முடியாது, கேஸில் முடியாது, பிள்ளைகளின் படிப்பில் முடியாது. கடைசியில் கண் போய் நிற்பது கேபிளில். கேபிள்காரர் தெரிந்தவர், “அடுத்த மாசத்துலேருந்து வேணாம்ணா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேபிளை நிறுத்துவது சில வீடுகளுக்குச் சரியான முடிவு, வேறு சில வீடுகளுக்கு அதுவே கூடுதல் செலவு. எந்த வீடு எது என்று தெரியாமல் போவதற்குக் காரணம், நம்மிடையே புழங்கும் சில நம்பிக்கைகள்.

“கேபிளை நிறுத்தினா அந்தக் காசு அப்படியே மிச்சம்”

மாதம் 250 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,000. அதற்குப் பதிலாக எதையும் வாங்காமல் இருந்தால் அந்த 3,000 நிச்சயம் மிச்சம்தான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அப்படி நடப்பதில்லை. ஒரு மாதம் கழித்து பையன் ஃபைபர் இணைப்பு கேட்பான். ஜியோ 2020 செப்டம்பரில் கொண்டுவந்த ஆரம்ப நிலைத் திட்டமே 399 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 470 ரூபாய் 82 காசு. ஆண்டுக்கு ஏறத்தாழ 5,650. கேபிளில் 3,000 மிச்சம் பிடிக்கப் போய் 2,650 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். அந்தத் திட்டத்தில் ஓடிடி எதுவும் கிடையாது. அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

ஓடிடி விலையிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்து 149 ரூபாய்த் திட்டம் கொடுத்தது. அது போனிலும் டேப்லெட்டிலும் மட்டுமே ஓடும், டிவியில் ஓடாது. அமேசான் பிரைம் அதே மாதம் ஆண்டுச் சந்தாவை 999-இலிருந்து 1,499 ஆக்கியது. 2025 ஜூன் 17 முதல் அந்தச் சந்தா கட்டியவர்களுக்கும் விளம்பரம் காட்டுகிறது; விளம்பரம் வேண்டாமென்றால் மாதம் 129 ரூபாய் மேலே கட்ட வேண்டும்.

ஏற்கெனவே ஃபைபர் இருக்கும் வீடு என்றால் கதை வேறு. பிள்ளைகள் படிப்புக்கோ வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கோ இணைப்பு எப்படியும் வேண்டும், அதற்கான பணமும் போய்க்கொண்டிருக்கிறது. டிவியிலும் இணைய வசதி இருக்கிறது. அங்கே கேபிளுக்குக் கொடுப்பது ஒரே பொருளுக்கு இரண்டு தடவை பணம் கட்டுவதற்கு ஒப்பு. அந்த வீட்டார் தயங்காமல் நிறுத்தலாம்.

“எல்லாம் போன்லயே இலவசமா வருது”

பாதி உண்மை. தமிழ்ச் செய்தி சேனல்கள் யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் சேனல்களைக் காசில்லாமல் பார்க்கலாம். செய்தி மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு இது நல்ல வழி.

ஆனால் டேட்டா இலவசமில்லை. 2024 ஜூலையில் ஜியோ, நாளுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டத்தை 239-இலிருந்து 299 ரூபாய்க்கு ஏற்றியது. 28 நாள் என்பதால் ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். இதை மாதக் கணக்காக நினைப்பவர்கள் அந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சாதாரணத் தரத்தில் வீடியோ பார்த்தாலே மணிக்கு 1 ஜிபி வரை போகும், எச்டி என்றால் 3 ஜிபி வரை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை டிவி ஓடும் வீட்டுக்கு 1.5 ஜிபி எந்த மூலைக்கு?

இலவசமாக வந்ததெல்லாம் இலவசமாகவே நீடிக்கும் என்றும் நம்ப முடியாது. 2023, 2024 ஐபிஎல் ஆட்டங்களை ஜியோசினிமா எல்லோருக்கும் இலவசமாகக் காட்டியது. அதை நம்பி கேபிளை விட்டவர்கள் உண்டு. 2025 பிப்ரவரி 14 அன்று அது ஹாட்ஸ்டாரோடு சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது. அந்த ஆண்டு ஆட்டத்தை முழுதாகப் பார்க்கச் சந்தாவோ, சந்தாவைச் சேர்த்துத் தரும் ரீசார்ஜோ தேவைப்பட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. போன் அப்பாவோடு காலை ஷிப்டுக்கு எண்ணூர் போய்விடும். இன்னொரு போன் கல்லூரிக்குப் போகும். பகலில் வீட்டில் இருக்கும் பாட்டியிடம் இருப்பது பட்டன் போன். டிவி என்பது ஐந்து பேருக்கு ஒரே கட்டணத்தில் ஓடுவது. போனோ ஆளுக்கொரு கட்டணம் கேட்பது.

“கேபிள்காரர் சொல்றதுதான் ரேட்டு”

இல்லை. வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு என்ற முறையை நாட்டிலேயே முதலில் கண்டது சென்னைதான். 2003 செப்டம்பர் 1 அன்று இங்கே காஸ் என்ற அந்த முறை வந்தது. இலவச சேனல்கள் அடங்கிய அடிப்படைத் தொகுப்புக்கு 72 ரூபாய், கட்டணச் சேனல் வேண்டுமென்றால் செட்டாப் பெட்டி வாங்க வேண்டும் என்றார்கள். பெட்டியின் விலைக்குப் பயந்து பல வீடுகள் அதை ஒதுக்கிவிட்டன.

இன்றைய முறை, ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராய் கொண்டுவந்து 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது இணைப்புக்கு அதிகபட்சம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் எந்தக் கட்டணச் சேனல் வேண்டுமோ அதன் விலை. அப்போது சன் டிவி 19 ரூபாய், ஸ்டார் விஜய் 17 ரூபாய். இந்த இரண்டை மட்டும் எடுத்திருந்தால் வரியோடு 196 ரூபாயில் முடிந்திருக்கும். 2024 ஜூலையில் டிராய் அந்த 130 ரூபாய் உச்சவரம்பை எடுத்துவிட்டது. இணைப்புக் கட்டணத்தை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம், ஆனால் என்ன கட்டணம் என்று வெளியிட்டாக வேண்டும். சேனலைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை போகவில்லை.

நடப்பில், ‘பேக்’ என்ற பெயரில் ஏதோ ஒரு தொகுப்பு நம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் யாரும் பார்க்காத இந்தி, ஆங்கிலக் கட்டணச் சேனல்கள் இருக்கலாம், பிள்ளைகள் வளர்ந்த பிறகும் நீக்காத கார்ட்டூன் சேனல்கள் இருக்கலாம். பேக்கைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. கேளுங்கள். எந்த நிறுவனத்தின் சிக்னல், என்ன பேக், அதில் இணைப்புக் கட்டணம் எவ்வளவு, சேனல் விலை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். அரசு கேபிள் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். 2011 செப்டம்பரில் 70 ரூபாய்க்கு மறுபடி தொடங்கிய சேவை அது. 2019 ஆகஸ்டில் 220-இலிருந்து 130 ரூபாயும் வரியுமாகக் குறைத்தார்கள். வெட்டாமலே மாதம் ஐம்பது, நூறு குறைக்க வழியிருக்கும்போது முழுதாக வெட்டுவது அவசரம் என்பது என் கருத்து.

“நிறுத்தினா ஒரேயடியா நிறுத்தணும்”

இப்படி நினைத்துத்தான் பலரும் ஆளில்லாத மாதத்துக்கும் பணம் கட்டுகிறார்கள். டிராயின் 2017 விதிமுறைப்படி சந்தாதாரர் தற்காலிக நிறுத்தம் கேட்கலாம். மாதக் கணக்கில், முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறுத்திவைத்த காலத்துக்குச் சந்தா கேட்கக் கூடாது. பெட்டி வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் அந்த வாடகை மட்டும் உண்டு. திரும்ப இணைக்க ஒரு சிறு கட்டணம் வரலாம், அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தடைக்காலத்தில் நிறுத்தலாமே என்று தோன்றும். ஆனால் கடலுக்குப் போகிற ஆண்களும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளும் வீட்டில் இருக்கும் காலம் அது. டிவி மிக அதிகமாக ஓடும் மாதமும் மே மாதம்தான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நிறுத்திவைப்பது இதைவிடப் பொருத்தம். சொந்த ஊருக்கு ஒரு மாதம் போகிறவர்களும் இதைச் செய்யலாம்.

முழுதாக நிறுத்துகிறவர்கள் பெட்டியை மறந்துவிடக் கூடாது. அரசு கேபிள் 2017 செப்டம்பர் முதல் கொடுத்த பெட்டி இலவசம் என்பதால் நம்முடையது என்று நினைக்கிறோம். அது நிறுவனத்தின் சொத்து. இணைப்பு வேண்டாமென்றால் திருப்பித் தர வேண்டும். தனியார் இணைப்பில் முன்பணம் கட்டியிருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். ரிமோட், அடாப்டரோடு பெட்டியை ஒப்படைத்ததற்குத் தேதியிட்ட ரசீதோ, குறைந்தது ஒரு வாட்ஸ்அப் பதிலோ கையில் இருக்கட்டும்.

“ஃப்ரீ டிஷ் மாட்டினா முடிஞ்சுது”

தூர்தர்ஷனின் இந்தச் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. குடையும் பெட்டியும் வாங்க ஒரு தடவை செலவு, அதன் பிறகு மாதச் சந்தா கிடையாது. ஆனால் அதில் வருவதில் பெரும்பங்கு இந்தி. டிடி தமிழ் வரும். நம் வீடுகளில் தேடுகிற கட்டணச் சேனல்கள் வராது. மொட்டைமாடியில் குடை வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும் என்பதையும், கடலோர உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதையும் வாங்குமுன் யோசியுங்கள்.

“புயல் சேதிக்காவது கேபிள் வேணும்”

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மரத்தோடு மின்கம்பியும் கேபிளும் சேர்ந்தே விழுந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பல பகுதிகளில் மின்சாரத்தோடு போன் சிக்னலும் போயிற்று. நெருக்கடி நேரத்தில் முதலில் அணைவது டிவி. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றும் சார்ஜ் நிரம்பிய பவர் பேங்க் ஒன்றும் அந்த நேரத்துக்கு உதவும். கேபிளை வைத்துக்கொள்ள இது காரணமில்லை.

“கரண்ட் பில் ஏறுறதே டிவியாலதான்”

32 அங்குல எல்இடி டிவி சுமார் 50 வாட் எடுக்கும். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். செட்டாப் பாக்ஸ் 8 வாட் என்றாலும், ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டு நாள் முழுக்கச் சுவிட்சைப் போட்டே வைத்தால் அதுவும் இரண்டு மாதத்தில் 10 யூனிட்டைத் தாண்டும். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

பணம் கரைவது வேறு இடத்தில். முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. 2022 செப்டம்பர் 10 முதல் வந்த விகிதத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலை போய்விடுவதே காரணம். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய், ஏறத்தாழ ஒரு மாதக் கேபிள் பணம். அதன் பிறகு விகிதம் கூடியிருக்கிறது, வரம்புகள் மாறவில்லை. ஏசி ஓடும் வீட்டில் மீட்டரை இரண்டு மாதத்தின் நடுவிலேயே ஒருமுறை பார்ப்பது, கேபிளை வெட்டுவதைவிடப் பலன் தரும். பல குடித்தனம் இருக்கும் வீட்டில் யூனிட்டுக்கு ஒரே விலை வைத்து வீட்டுக்காரர் வாங்கினால், அந்த 100 யூனிட் சலுகைகூட வாடகைக்கு இருப்பவரை வந்து சேர்வதில்லை. பேச வேண்டிய விஷயம் அது.

“சீரியல்தானே, போனா போகட்டும்”

இதைச் சொல்வது பெரும்பாலும் சீரியல் பார்க்காதவர். விடியற்காலை மீன் எடுக்கப் போய், வெயிலில் விற்றுவிட்டு வந்து, சமைத்துத் துவைத்து முடித்த பெண்ணுக்கு அந்த நாளில் உட்கார்ந்திருக்கக் கிடைக்கும் நேரம் அந்தச் சாயங்காலம் ஒன்றுதான். நடக்க முடியாத பெரியவருக்கு நாள் முழுக்கக் கேட்கும் பேச்சுக்குரலும் அந்த டிவியிலிருந்துதான் வருகிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்று வந்தவுடன் இவர்களுடைய ஒரே பொழுதுபோக்கு முதலில் கண்ணில் படுவது நியாயமில்லை. 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பிறகு டாஸ்மாக்கில் சாதாரண ரகக் குவார்ட்டரே 140 ரூபாய் ஆனது. அரசு கேபிளின் ஒரு மாத அடிப்படைச் சந்தா வரியோடு 153 ரூபாய் 40 காசு என்று 2019-இல் வைத்தார்கள். வீட்டுச் செலவுப் பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

ஃபைபர் இருக்கிற வீடு கேபிளை விடலாம். போன் டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கும் பகலில் ஆள் இருக்கும் வீட்டுக்கும், பேக்கைக் குறைத்துக்கொண்டு கேபிளை வைத்திருப்பதே மலிவு. எதுவானாலும், கேபிள்காரரிடம் சொல்வதற்கு முன் அந்த டிவியை யார் அதிகம் பார்க்கிறாரோ அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.