சந்தேகத்துக்கும் சமயம் உண்டு

அன்புள்ள மகள்,

நேற்றிரவு உன் அம்மா கோல் எடுத்தா. “அண்ணா, இவள் இனிப் பூசைக்குப் போகமாட்டாளாம். உயிர்த்த ஞாயிறுக்கும் வரமாட்டாளாம். ஒருக்காப் புத்தி சொல்லுங்க” என்றா. பின்னாலிருந்து நீ குரல் கொடுத்தது எனக்கும் கேட்டது: “அண்டைக்கு அவர் எங்க இருந்தவர் எண்டு மாமாக்கிட்டக் கேளுங்கம்மா.”

முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். பிள்ளை கேள்வி கேட்டால் உடனே கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சோக்கட்டியைத் தேடும் கை இது. உன் கேள்விக்கு எழுத அதற்கு ஒன்றும் வரவில்லை. ஆகவே புத்தி சொல்லப்போவதில்லை. நானும் இதே கேள்வியோடு இத்தனை வருடம் குடியிருந்தவன். அதை எப்படிக் கேட்பது என்பதில் மட்டும் கொஞ்சம் அடிபட்டுத் தெரிந்துகொண்டது உண்டு. அதைச் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அன்று உனக்குப் பன்னிரண்டு வயது. நான் விடியப் பூசை கண்டு வீட்டுக்கு வந்து, சாரத்துக்கு மாறி, இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி கழிந்த கையோடு ஒரு சத்தம். ட்ரான்ஸ்ஃபோமர் வெடித்திருக்கும் என்றேன். யுத்தம் முடிந்து பத்து வருடமாகியிருந்ததில் காதுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. உன் மாமிதான், “இது கரண்டுச் சத்தமில்ல” என்று எழும்பினா.

அதற்குள் கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் செபஸ்தியார் கோயில், மூன்று பெரிய ஹோட்டல்கள் என்று எல்லா இடத்திலும் குண்டு வெடித்து முடிந்திருந்தது. எங்கள் மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம். ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்து நின்ற நேரம். முதுகில் பையோடு வந்தவனை வாசலில் ஒருவர் உள்ளே விடாமல் மறித்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். அவன் வெளியிலேயே வெடித்தான். மறித்தவரும் போனார், பிள்ளைகளும் போனார்கள். நாடு முழுவதும் இறந்தவர்கள் 260க்கும் மேல். உன் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தியும் அதில் இருந்தாள். நீ ஒரு கிழமை சாப்பிடாமல் கிடந்தாய். உன் கேள்வி கம்பஸ் போய்ப் படித்து வந்தது என்று உன் அம்மா நினைக்கிறா. அது அந்தக் கிழமையே வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

சில நாளில் ஒரு செய்தி வந்தது. அவன் முதலில் எங்கள் மரியாள் பேராலயத்துக்குத்தான் வந்தான், பூசை முடிந்திருந்ததால் சீயோனுக்குப் போனான் என்று. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரி ஒருத்தி, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டா. “கடவுள் நம்மளக் காப்பாத்திட்டார்” என்றா. எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். பிறகு அந்தத் தேத்தண்ணி எனக்கு இறங்கவில்லை. எங்களைக் காப்பாற்றினார் என்றால், அவனை எங்கே அனுப்பிக் காப்பாற்றினார்?

அவ நல்ல மனுசி. உயிர் தப்பியவளுக்கு யாருக்காவது நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அன்று ஒன்று விளங்கியது. இன்னொருவர் வீட்டுச் சவப்பெட்டிமேல் ஏறி நின்று சொல்லும் நன்றியில் நம்பிக்கை குறைவு, நிம்மதிதான் கூட. நீ நாளைக்கே திரும்பவும் நம்பத் தொடங்கினாலும் இந்த நன்றியை மட்டும் சொல்லாதே.

அதன்பின் விடைகள் வரிசையாக வந்தன. கடவுளின் சித்தம், நம்மைச் சோதிக்கிறார், பிள்ளைகள் சம்மனசுகளாகிவிட்டார்கள். பெற்ற தாய் தனக்குத்தானே சொன்னால் இவை மருந்து. அடுத்தவர் அவளுக்குச் சொன்னால் வாயை அடைக்கும் துணி. இவற்றில் ஓரளவு தெம்பான விடை, மனிதருக்குச் சுதந்திரம் கொடுத்த கடவுள் அதைத் திருப்பிப் பறிப்பதில்லை என்பது. 2004 சுனாமிக்கு அந்த விடை செல்லவில்லை, கடலுக்குத் தீர்மானம் கிடையாது. இங்கே தீர்மானித்தவர்கள் மனிதர்கள். சரி. ஆனால் கொல்கிறவனின் சுதந்திரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தவர், முற்றத்தில் நின்ற பிள்ளையின் சுதந்திரத்துக்கு என்ன கொடுத்தார்? இந்த இடத்தில் அந்த விடையும் மூச்சு வாங்கும்.

இன்னொன்றும் சொல்வார்கள். அன்று போதனா வைத்தியசாலைக்கு இரத்தம் கொடுக்கச் சனம் குவிந்தது. பிரஷர்காரன் என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருநீறு பூசியவர், தொப்பி போட்ட பொடியன் என்று ஒருவர் பின் ஒருவராக நின்றதைக் கண்ணால் கண்டேன். கடவுள் அந்த வரிசையில் நின்றார் என்று பிறகு பிரசங்கத்தில் கேட்டேன். அழகான வசனம். ஆனால் மகள், அந்த வரிசை குண்டுக்குப் பிறகு வந்தது. உன் கேள்வி குண்டுக்கு முந்தியது.

வேதாகமத்தில் யோபுவின் கதை உனக்குத் தெரியும். பிள்ளைகளையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்தவனைப் பார்க்க வந்த நண்பர்கள், ஏழு நாள் பேசாமல் கூடவே இருந்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பெயர் எடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு வாய் திறந்து, கடவுளுக்காக வாதாட வெளிக்கிட்டார்கள். கடைசியில் கடவுள் கோபப்பட்டது அவரோடு சண்டை பிடித்த யோபுவிடம் அல்ல, அவருக்காக வக்கீல் வேலை பார்த்த அந்த நண்பர்களிடம். உன் அம்மா கேட்ட ‘புத்தி’யை நான் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, கேட்கும் முறைக்கு வருகிறேன். உன் ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரி.

கடவுள் ஏன் தடுக்கவில்லை என்பது ஒன்று. தடுக்க வேண்டியவர்கள் ஏன் தடுக்கவில்லை என்பது மற்றது. அந்த ஏப்ரல் 4ஆம் தேதியே, பதினேழு நாள் முன்னதாக, இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. தேவாலயங்கள் இலக்கு என்பதும் அதில் இருந்தது. குண்டுதாரிகளுக்குத் தலைவனாயிருந்த காத்தான்குடி சஹ்ரானின் பேச்சுகளைப் பற்றி அதற்கும் பல காலம் முன்பே முறையிட்டவர்களில் அவ்வூர் முஸ்லிம்களே இருந்தார்கள். காகிதம் மேசை மேசையாகப் போனது. கோயில் வாசலுக்கு மட்டும் வரவில்லை. கடமை தவறினார்கள் என்று 2023 ஜனவரி 12ஆம் தேதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய், பொலிஸ் மா அதிபராக இருந்தவரும் அரச புலனாய்வுத் தலைவராக இருந்தவரும் ஆளுக்கு 75 மில்லியன், பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் 50 மில்லியன் என்று சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு கட்டச் சொன்னது.

சாமியிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திராது. வழக்குப் போட்டவர்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள், குருமார் இருந்தார்கள். கடவுளின் சித்தம் என்று அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போயிருந்தால் அதிகாரிகளுக்குத்தான் வசதி. ஆகவே மனிதன் பதில் சொல்ல வேண்டியதை வானத்துக்கு அனுப்பாதே. இங்கே கேட்டுத் தீர்த்த பிறகு மிஞ்சுவதை மேலே அனுப்பு. மிஞ்சும், நிறையவே மிஞ்சும்.

இப்போது எனக்கு வெட்கமான பகுதி.

காத்தான்குடியில் நான் சாரமும் சேலையும் வாங்கும் கடைக் காக்காவை உனக்குத் தெரியும். சின்னதில் உனக்கு மஸ்கட் வாங்கித் தருவாரே, அவர்தான். குண்டு வெடித்து மூன்று கிழமைக்குப் பிறகு அவரைப் பார்க்கப் போனேன். வடமேல் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிகளும் எரிந்துகொண்டிருந்த மே மாதம் அது. கடை பாதிதான் திறந்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். “உங்கட முகத்தப் பாக்கவே வெக்கமா இருக்கு சேர்” என்றார். “நீங்க என்ன செஞ்சீங்க காக்கா?” என்று கையைப் பிடித்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “தொண்ணூறில எங்கட தம்பி மௌத்தானப்போ எங்கட ஆக்களும் இப்படித்தான் கேட்டாங்க. அல்லாட வீட்டிலயே எப்படி நடந்திச்செண்டு.”

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. காத்தான்குடியில் இரவுத் தொழுகையில் நின்றவர்களை இரண்டு பள்ளிவாசல்களுக்குள் புகுந்து சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் சிறுவர்களும் இருந்தார்கள். செய்தது விடுதலைப் புலிகள் என்று ஊர் அறியும். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டருக்குள் நடந்த காரியம். காக்காவை அப்போதே எனக்குப் பழக்கம். நான் போகவில்லை. போக முடியாத காலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைவிட ஒன்று உண்டு. அந்த ஞாயிறு நான் வழமைபோல் பூசைக்குப் போனேன். என் விசுவாசத்தில் ஒரு கீறலும் விழவில்லை.

காக்காவைக் கண்டுவிட்டு அன்று வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். 1985 மே மாதம் அநுராதபுரத்தில் மகாபோதி மரத்தடியில் கும்பிட வந்த சிங்களச் சனத்தைச் சுட்டார்கள். நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன், கடவுளைக் கேட்கவில்லை. 1995 ஜூலை 9ஆம் தேதி நவாலியில் இராயப்பர் கோயிலில் தஞ்சமடைந்த எங்கள் சனத்தின்மேல் விமானப்படை குண்டு போட்டது, நூற்றுக்கும் மேல் செத்தார்கள். அன்று கேட்டேன், அழுதழுது கேட்டேன். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், எங்கள் பேராலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டார்கள். அன்றும் கேட்டேன். 2019இல் சொல்லத் தேவையில்லை.

பார்த்தாயா மகள், என் சந்தேகத்துக்கும் சமயம் இருந்தது, இனம் இருந்தது. எங்கள் கோயிலில் இரத்தம் சிந்தினால் மட்டும் கடவுள் இல்லாமல் போனார். மற்றவன் கோயிலில் சிந்தியபோது அவர் சௌகரியமாக இருந்தார். கடவுள் எங்கே இருந்தார் என்று இத்தனை வருடம் கேட்டவன், அப்போதெல்லாம் நீ எங்கே இருந்தாய் என்று என்னை ஒருநாளும் கேட்கவில்லை.

உன் கேள்வி பொய் என்று சொல்ல வரவில்லை. நம் வீட்டு வாசலில்தான் அது தொடங்கும், அதில் பிழையில்லை. அங்கேயே நின்றுவிட்டால், கடவுளைத் தேடுகிற கேள்வியாக இராது. ‘எங்களுக்கு ஏன்’ என்கிற முறைப்பாடாகிவிடும். அந்த முறைப்பாடு நாள்போகப் பழிவாங்கும் எண்ணமாகப் புளிப்பதை இந்தத் தீவில் நான் கண்டிருக்கிறேன். நீ நம்பு, நம்பாமல் விடு. எந்தப் பக்கம் போனாலும் எல்லாச் சவத்துக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டுப் போ.

கடைசியாக ஒன்று. அந்தக் குண்டுக்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, நாட்டில் ஒரு கோயிலிலும் பொதுப் பூசை இல்லை. கர்தினால் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் வைத்த பூசையை, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சியில் பார்த்தோம். உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு வருடாவருடம் ஒரே நற்செய்திதான். சீடர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். தோமையார் மட்டும், காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறார். அறுபது வருடம் கேட்ட பகுதி அது. பூட்டிய கதவுக்குள்ளிருந்து கேட்டது அன்றுதான் முதல்முறை. தோமையாரை நாங்கள் சந்தேகக்காரர் என்கிறோம். ஆனால் அவர் கேட்டது காயத்தை. காயமில்லாத கடவுள் அவருக்குத் தேவைப்படவில்லை. சந்தேகப்பட்டதற்காக அவரை ஒருவரும் வெளியே தள்ளவும் இல்லை.

நான் இன்னும் பூசைக்குப் போகிறேன். முன்பு போன ஆளாக அல்ல, கடைசி வாங்கில், கேள்வியோடு. நீ போகாமல் இருப்பதும் எனக்குக் குறையல்ல. உன் அம்மாவிடம் நான் கதைக்கிறேன்.

வாற விடுமுறைக்கு வா. கோயிலுக்குக் கூப்பிடவில்லை, காத்தான்குடிக்குப் போவோம். அந்த இரண்டு பள்ளிவாசல்களில் ஒன்றின் சுவரில் தொண்ணூறாம் ஆண்டின் சூட்டு ஓட்டைகளைப் பூசி மூடாமல் வைத்திருக்கிறார்கள். உன்னை உள்ளே கூட்டிப்போக நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்வதாகக் காக்கா சொல்லியிருக்கிறார். ஒரு ஓட்டையில் விரலை வைத்துப் பார். இருபத்தொன்பது வருடம் பிந்தித்தான் நான் வைத்தேன். உனக்கு அவ்வளவு பிந்த வேண்டாம்.

தலைக்குப் போட ஒரு சால்வை கொண்டு வா. கேள்வியையும் கம்பஸில் விட்டுவிட்டு வராதே.

அன்புடன்,
உன் மாமா
மட்டக்களப்பு